பாதித் தலைக்கு உத்தரவு

போன வாரம் என் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதா வேண்டாமா என்று ஒரு காலைப்பொழுது முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். பனி இறங்குகிறது, வேண்டாம் என்றார் மாமியார். பனிக்குப் பயந்தால் இந்த மலையில் பிள்ளை வளர்க்க முடியுமா என்றார் தோட்டத்து மருத்துவிச்சி. கணவர் வேலைக்குப் போகிற அவசரத்தில், அம்மாவைக் கேள் என்றார். எந்த அம்மா, அவருடைய அம்மாவா என் அம்மாவா என்று நான் கேட்பதற்குள் படியிறங்கிவிட்டார். வெந்நீர் ஆறிப்போனது. குழந்தை என் மடியை நனைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் தூங்கிப்போனான்.

அப்போதுதான் விடுதி அக்காவின் ஞாபகம் வந்தது. அவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஜன்னல் வழியாக வானத்தை ஒருமுறை பார்த்து, “சரி, ஊத்தலாம், குடுத்தாச்சு” என்று சொல்லியிருப்பார். நானும் ஊற்றியிருப்பேன்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பெயர் இல்லாமல் எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.

நுவரெலியாவில் பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தபோது அவர் இரண்டாம் ஆண்டில் இருந்தார். விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவருடையது. அட்டன் கடைவீதியில் பெரிய ஜவுளிக்கடைக்காரரின் மகள். உயரம் அதிகமில்லை. கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பழுப்பு நிறக் கம்பளித் துணி. சிரிக்காமல் பேசுவார். சிரிக்காமல் பேசுகிறவர்கள் எல்லாம் உண்மை பேசுகிறவர்கள் என்று நான் அந்த வயதில் நம்பினேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் என் அப்பா பெரிய கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் உத்தரவு இல்லாமல் எதுவும் நடக்காது. வீட்டுக்கு ஒரு சொந்தக்காரர் வந்து தங்கினாலும் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொல்ல வேண்டும். டவுனுக்குப் போக வேண்டுமென்றால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அப்பா தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பார். கேட்பதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வேண்டியதை ஒருபோதும் முதலில் கேட்க மாட்டார். துரை மறுப்பதற்கென்றே பெரிதாக ஒன்றை முதலில் கேட்பார். என்னைக் கல்லூரியில் கொண்டுபோய் விடுவதற்கு அவருக்கு ஒருநாள் லீவுதான் தேவை. அவர் கேட்டது தோட்டத்து லொறியும் ஒருவார லீவும். துரை மேசையைத் தட்டி, லொறி கிடையாது, ஒருவாரமும் கிடையாது, இரண்டு நாள் எடுத்துக்கொள் என்று கத்தினார். அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, எங்களிடம் சிரித்தார்.

அந்த முறைக்கு இன்னொரு பாதியும் உண்டு. கேட்டது கிடைத்ததும் பதிலுக்கு ஏதாவது தருவதாகச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அப்பா, தன் சம்சாரம் துரையின் பங்களாவில் நடக்கப்போகும் விருந்துக்குப் பூமாலை கட்டிக் கொடுப்பாள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அம்மாவுக்கு அது பங்களாவிலிருந்து கூடை கூடையாகப் பூ வந்து இறங்கியபோதுதான் தெரியும். அம்மா அந்தப் பூவைக் கட்டி முடிக்கும்வரை அப்பாவோடு பேசவில்லை. இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். பார்த்ததில் எதைக் கற்றுக்கொண்டேன் என்பது பிறகு தெரியவந்தது.

கல்லூரியில் முதல்நாள் விடுதி மேட்ரன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, இங்கே அனுமதி இல்லாமல் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்றார். மற்றப் பெண்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டு கலைந்தார்கள். நான் மேட்ரனின் பின்னாலேயே போய், பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டேன். திறக்கலாம் என்றார். கட்டிலில் உட்காரலாமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாலையில் ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்கப் போனபோது, இதையெல்லாம் என்னிடம் கொண்டுவராதே, சீனியர் யாரையாவது கேள் என்று அனுப்பிவிட்டார்.

அறைக்கு வந்து, கைகட்டி நின்று, அடுத்த கட்டில்காரரைப் பார்த்து ஜன்னலைச் சாத்தலாமா அக்கா என்றேன்.

அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். நான் எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை என்று விசாரித்தார். பிறகு எழுந்து போய் ஜன்னலைத் தட்டிப் பார்த்தார். வெளியே கையை நீட்டிக் குளிரைப் பார்த்தார்.

“சாத்தலாம். குடுத்தாச்சு. இனிமே எதுன்னாலும் என்கிட்ட கேளு. இந்த விடுதிக்கு நான்தான் சின்னத்துரை.”

தோட்டத்தில் பெரிய துரைக்கு அடுத்தவர் சின்னத்துரை. விடுதியிலும் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இருக்காது என்று தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் கேட்டேன். வீட்டுக்குக் கடிதம் எழுத, காலுறை துவைக்க, இன்னொரு துண்டு ரொட்டி எடுக்க. அவரும் ஒருமுறைகூட அலுத்துக்கொண்டதில்லை. யோசித்துத்தான் கொடுப்பார். சிலவற்றைத் தள்ளி வைப்பார். காலுறைக்கு நாளைக்கு வா என்பார். ரொட்டிக்குத் தன் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வைத்து உத்தரவைக் கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கலாமா என்று கேட்டேன். அவர் என் பின்னலைக் கையில் தூக்கி, எடை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“இவ்வளவு முடிக்கு இன்னைக்குச் சுடுதண்ணி பத்தாது. பாதித் தலைக்குக் குடுத்திருக்கேன். போ.”

நான் போனேன். குளியலறையில் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தேன். வகிட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அல்லது முன்பாதியா பின்பாதியா என்று அவர் சொல்லவில்லை. கடைசியில் துண்டைப் போர்த்திக்கொண்டு, ஈரக்காலோடு நடைவழி முழுவதும் நடந்து திரும்பிப் போய், எந்தப் பாதி அக்கா என்று கேட்டேன். அறையில் இருந்தவர்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடது பாதி என்றார்.

இடது பாதியைத்தான் கழுவினேன். இதை என் கணவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

வந்து சில நாட்களில் எனக்கு வீட்டு ஞாபகம் தாங்கவில்லை. காலையில் கம்பளிக்குள் கிடந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா வந்து கம்பளியை விலக்கி, அழுவதற்கு உத்தரவு வாங்கினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது அழுதால் சுடுதண்ணீர் தீர்ந்துவிடும், வகுப்பு முடிந்து வந்து அழு என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வகுப்பு முடிந்து அறைக்கு வந்தேன். அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தேத்தண்ணியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“ம். இப்ப அழு.”

நானும் முயன்று பார்த்தேன். வரவில்லை. வரவில்லை அக்கா என்றேன். சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் அவர் உத்தரவு கொடுக்கவில்லை, ஊருக்கே கொடுத்தார். விடுமுறைக்கு நாங்கள் நானுஓயாவில் ரயில் ஏறினால், கார்டு பச்சைக்கொடியை எடுப்பதற்கு ஒரு கணம் முன்னால் அவர், சரி, எடுக்கலாம் என்பார். ரயில் கிளம்பும். மழை மூன்று நாளாகப் பெய்துகொண்டிருந்தால் தாழ்வாரத்தில் நின்று, போதும், இனி கொஞ்சம் நிறுத்தலாம் என்பார். மழை நின்றால், பரவாயில்லை, சொன்னால் கேட்கிறது என்பார். நிற்காவிட்டால், அதற்கும் ஒரு கூடுதல் நாள் கொடுத்திருப்பதாகச் சொல்வார். சமையலறைப் பெண் ஒருத்தி குழந்தைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போக வேண்டும் என்று மேட்ரனைத் தேடிக்கொண்டிருந்தபோது, நீ போ, நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்றைக்கு அவரே பாத்திரம் துலக்கினார்.

ஆனால் தனக்கென்று அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைத்தெருவுக்குப் போக நினைத்தால் முன்கேட் வழியாகவே போவார், முன்கேட் வழியாகவே வருவார். மேட்ரன் நிறுத்தி எங்கே போனாய் என்றால், போன இடம், வாங்கிய பொருள் எல்லாவற்றையும் அப்படியே சொல்லி, மேட்ரனுக்கும் ஒரு பொட்டலம் கடலையை நீட்டுவார். ஒளிக்கிறவர்களைத் தண்டிக்க மேட்ரனுக்குத் தெரியும். இவரை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

என் ஏமாளித்தனம் ஊரறிந்தது பெற்றோர் தினத்தன்று. கல்லூரித் தலைவி மேடையிலிருந்து இறங்கி வரிசையாக எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஏன் நிற்கிறாய், உட்கார் என்று எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். கல்லூரிக்கே தலைவி சொல்கிறார். நானோ, அக்காவைக் கேட்டுவிட்டு வருகிறேன் மிஸ் என்றேன்.

எந்த அக்கா என்று தலைவி கேட்டார். பின்வரிசையிலிருந்து அவர் எழுந்தார்.

“நான்தான் மிஸ். உக்காரட்டும்.”

முதலில் சிரித்தது தலைவிதான். அப்புறம் மண்டபமே சிரித்தது. என் அப்பாவும் சிரித்தார். விடுதிக்குச் சின்னத்துரை என்று யாரும் கிடையாது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. என்னோடு சேர்ந்த மற்றவர்களுக்கு அது முதல்நாளே தெரியுமாம். அதன்பிறகு அக்காவிடம் எதையும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த நாட்களில் ஜன்னலைத் திறக்கவுமில்லை, சாத்தவுமில்லை. அது பாதி திறந்தபடி கிடந்து எல்லோருக்கும் சளி பிடித்தது. கடைசியில் மற்றவர்களே, தயவுசெய்து அவரிடம் போய்க் கேட்டுத் தொலை என்றார்கள். போய்க் கேட்டேன். ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே கையை நீட்டிப் பார்த்து, குடுத்தாச்சு என்றார். பொய் என்று தெரிந்த பிறகும் அவரிடம் கேட்டுச் செய்வது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

அந்த ஆண்டின் இரண்டாம் தவணையில் ஒருநாள் அக்கா வகுப்புக்கு வரவில்லை. அறைக்கு வந்து பார்த்தால், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எடுத்து வைக்கிறாரா வெளியே எடுக்கிறாரா என்று தெரியவில்லை. அப்பாவிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னார். கண்டியில் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று பெண் கேட்டிருக்கிறது. ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்கிறார்கள். சனிக்கிழமை அப்பா கார் கொண்டுவருகிறார். இறுதிப் பரீட்சையோ கார்த்திகையில்.

“மாப்பிள்ளை எப்படிப்பட்டவருன்னு எனக்குத் தெரியாது. நல்லவராவே இருக்கட்டும். ஆனா பரீட்சை எழுதாமப் போனா நான் இங்க வந்ததே இல்லன்னு ஆயிரும். சும்மா குளிர் காயப் போயிருந்தான்னு சொல்லுவாங்க.”

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். வர முடியாது என்று அப்பாவிடம் நேராகச் சொல்லப் போவதாகச் சொன்னார். துரையிடம் நேராக முடியாது என்று சொன்னவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் அவர்கள் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். அவ்வளவுதான், வேலை போயிற்று.

சனிக்கிழமைகளில் பார்வையாளர் வந்தால் உள்ளே போய்ச் சொல்வது முதலாம் ஆண்டுக்காரர்களின் வேலை. அன்றைக்கு என் முறை. அதை நான் கேட்டு வாங்கவில்லை, தானாக அமைந்தது. அக்காவின் அப்பா வந்து பார்வையாளர் அறையில் உட்கார்ந்தார். நெற்றியில் திருநீறு, தோளில் சால்வை, மடியில் ஒரு பலகாரப் பெட்டி. நான் உள்ளே போய்ச் சொல்லவில்லை. வாசல் நிலையில், என் அப்பா ஆபீஸ் ஜன்னலில் நிற்பதுபோலவே கைகட்டி நின்றேன்.

யாரம்மா நீ என்று கேட்டார். தோட்டத்தையும் அப்பாவையும் சொன்னேன். தீபாவளிக்குத் தன் கடையில்தான் துணி எடுப்பார், மரியாதைப்பட்ட மனுஷன் என்றார். அந்த மரியாதை தந்த தைரியத்தில் ஆரம்பித்தேன்.

“அக்காவ மேல்படிப்புக்குச் சென்னைக்கு அனுப்பலாமுங்களா?”

அவர் மடியிலிருந்த பெட்டி சரிந்தது. சென்னையா என்றார். யார் அப்படிச் சொன்னது என்றார். சென்னை தூரமுங்க, அப்படியானால் கொழும்புக்காவது அனுப்பலாமே என்றேன். கொழும்பில் நமக்கு யாரிருக்கிறார்கள், வயதுவந்த பெண்ணைத் தனியாக எங்கே விடுவது என்று எழுந்தே விட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, அதுவும் சரிதானுங்க, அப்படியென்றால் இங்கேயே கார்த்திகைப் பரீட்சை வரைக்குமாவது இருந்துவிட்டு வரட்டும் என்றேன்.

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மகளை மீட்டுக்கொண்டு நுவரெலியாவுக்கு வந்து சேர்ந்ததில் அவருக்கே ஒரு நிம்மதி ஏற்பட்டிருக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்தார். கார்த்திகை என்றால் மார்கழி போய்த் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்தால் பதிலுக்கு ஒன்று கொடுக்க வேண்டும்.

“பரீட்சை மட்டும் எழுதிட்டா போதுமுங்க. அதுக்கப்புறம் நீங்க சொல்ற எடத்துல மறுபேச்சு இல்லாமக் கழுத்த நீட்டிருவாங்க.”

அவர் என்னையே பார்த்தார். “அப்படியா சொன்னா?”

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது ஆம் என்றா, சும்மாவா என்று எனக்கே தெளிவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன் மகள் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வருமென்று கனவிலும் நினைக்கவில்லை, படிப்பு நல்லதைத்தான் செய்திருக்கிறது என்று சொல்லி எனக்கு இரண்டு அதிரசம் எடுத்துக் கொடுத்தார்.

அக்காவைக் கூப்பிட்டேன். அவர் சண்டைக்குத் தயாராக, கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா, இருந்து எழுதிவிட்டே வா தாயி என்று சொல்லிவிட்டார். அக்கா திறந்த வாயோடு நின்றார். அப்பா பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கார் ஏறிப் போனார்.

அறைக்கு வந்ததும் நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். சென்னை, கொழும்பு வரைக்கும் அக்கா கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு நான் கொடுத்துவிட்டு வந்த வாக்கைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“காலுறை தொவைக்கக் கேட்ட. ரொட்டி திங்கக் கேட்ட. இதுக்கு என்கிட்டக் கேட்டியா?”

கேட்கவில்லை. வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் எல்லோரிடமும் கேட்கிற நான், கேட்டே ஆக வேண்டிய ஒரே இடத்தில், கேட்க வேண்டிய ஒரே ஆளிடம் கேட்கவில்லை. பூக்கூடைகளுக்கு நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப்பின் அவர் உத்தரவு கொடுப்பதை நிறுத்திவிட்டார். எனக்கு மட்டுமில்லை, யாருக்கும். ஜன்னலைச் சாத்தலாமா என்றால், உன் விருப்பம் என்பார். அதைவிட மோசமான பதிலை நான் கேட்டதில்லை. மழை தன்பாட்டில் பெய்தது. அவர் காலையும் மாலையும் படித்தார். கோபம் இருந்ததா என்றால், பாடத்தில் சந்தேகம் கேட்டால் பொறுமையாகச் சொல்லித்தான் கொடுத்தார். எனக்குச் சளி பிடித்தபோது கொத்தமல்லி போட்டுக் கொதிக்கவைத்தும் கொடுத்தார். பேச்சு மட்டும் குறைந்துபோனது. தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் கூடையில் இருக்கிறதைக் கீழே கொட்டிவிட்டதுபோல எனக்கு இருந்தது. பொறுக்கி எடுத்தாலும் அது பழைய கொழுந்து இல்லை.

கார்த்திகை வந்தது. பரீட்சை எழுதினார். கடைசித் தாளை முடித்துவிட்டு வெளியே வந்த மறுநாளே அவருடைய அப்பா காரில் வந்துவிட்டார். கண்டிக்காரர்கள் காலையிலேயே அட்டனுக்கு வந்து இறங்கிவிட்டார்கள், நிச்சயம் செய்யத் தாம்பூலத்தோடு வந்திருக்கிறார்கள் என்றார். அக்காவின் பெட்டியை நானும் ஒரு கைபிடித்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். முன்கேட்டுக்கு உள்ளே, காருக்கும் எங்களுக்கும் நடுவில் பெட்டியை வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தார்.

“அப்பா, நம்ம கடையில ஆளுங்க யாராச்சும் உங்களக் கேக்காம ஒரு சேலைக்கு வெல சொல்லிட்டா, அந்த வெலைக்குக் குடுப்பீங்களா?”

எதற்கு இப்போது கடைப்பேச்சு என்றார் அவர்.

“சொல்லுங்க.”

“எதுக்குக் குடுக்கணும்? கடை என்னுது. நான் சொல்றதுதான் வெல.”

“அன்னைக்கு உங்களுக்கு வாக்குக் குடுத்தது இவ. நான் குடுக்கல. எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம். பாஸ் பண்ணிட்டா பள்ளிக்கூடத்துக்குப் போகப்போறேன்.”

அவருடைய அப்பா என் பக்கம் திரும்பினார். நுவரெலியாவின் அத்தனை குளிரும் என் உள்ளங்காலில் வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் அவருக்குத் துரோகம், பொய் சொன்னால் அக்காவுக்குத் துரோகம் என்று ஒரு பக்கம் ஓடியது. இதை யாரிடமாவது கேட்டுவிட்டுச் சொல்லலாமா என்று இன்னொரு பக்கம் ஓடியது. மேட்ரன் தாழ்வாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

“நெசமா? அவளக் கேக்காமயா சொன்ன?”

“ஆமாங்க,” என்றேன். “கேக்கல. நானாத்தான் சொன்னேன்.”

அவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவ்வளவு பெரிய கடையை நடத்துகிற மனிதர், ஒரு முதலாம் ஆண்டுப் பெண்ணை நம்பி இத்தனை மாதம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அது அவர் முகத்தில் தெரிந்தது.

“அப்ப எனக்கு யாரும் வாக்குக் குடுக்கல,” என்றார் கடைசியில். “சரி. வந்தவங்கள வெறும் வயித்தோட திருப்பி அனுப்ப முடியாது. உங்கம்மா தனியாக் கெடந்து சமைக்கிறா. பரிமாறவாச்சும் வந்து சேரு.”

சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இரண்டாம் ஆண்டுக்குப் போனபோது, அக்கா வலப்பனைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்டிக்காரர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்களாம். அந்த ஆண்டு என் அடுத்த கட்டிலுக்கு வந்த புதுப்பெண் ஒருத்தி, விளக்கை அணைக்கலாமா அக்கா என்று என்னைக் கேட்டாள். நான் பதறிப்போய் அவளை மேட்ரனிடம் அனுப்பினேன்.

அன்று கேட்டருகில் நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது. அவர் அப்பா காருக்குள் போனதும் நாங்கள் இருவரும் பெட்டியைப் பின்னால் ஏற்றினோம். இத்தனை மாதமாக நெஞ்சில் வைத்திருந்ததை நான் அப்போது கேட்டேன். அன்றைக்கு முதலிலேயே உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்றேன்.

அவர் பெட்டியின் பிடியைச் சரியாகத் திருப்பி வைத்தார்.

“வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். நானே போய் அப்பாகிட்டச் சண்ட போட்டிருப்பேன். அவரு அன்னைக்கே என்னக் கூட்டிட்டுப் போயிருப்பாரு. நீ கேக்காததாலதான் பரீட்சை எழுதினேன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் என்னைப் பார்த்தார்.

“அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிராத.”

விளையாட்டா நிஜமா என்று கேட்க வாயைத் திறந்தேன். கார் கேட்டைத் தாண்டி வளைவில் திரும்பிவிட்டது.